கிரகணமும் தங்கச்சியின் மேலுதடும்

என் வயதை ஒத்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இளையவர்கள் வாசித்தால், இப்படியும் நம்பினார்களா என்று சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். உங்களால் அப்படிச் சிரிக்க முடியாது. கிரகணத்தன்று உங்கள் வீட்டிலும் கதவை அடைத்தார்கள். உங்களில் சிலர் பிற்காலத்தில் மருமகளையும் அறைக்குள் இருத்தி அடைத்தீர்கள். அதைக் கேட்டால், "எங்கட ஆக்கள் ஒண்டையும் சும்மா சொல்லேல்லை" என்பீர்கள். சொல்லுங்கள். அவர்கள் சும்மா சொன்ன ஒன்று ஒரு பச்சைப் பிள்ளையின் முகத்தில் போய் ஒட்டிக்கொண்டதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான்.

இரண்டாம் யுத்தத்துக்கு முந்திய காலம். தீவுப்பக்கத்துச் சரவணையில் எங்கள் வளவுக்கும் சின்னம்மாவின் வளவுக்கும் நடுவே தென்னோலை பின்னிய ஒரு கிடுகு வேலிதான். அதில் நாய்களும் நாங்களும் புகுந்து போய்வர ஒரு பொட்டு இருந்தது. சின்னம்மா என் அம்மாவின் கடைசித் தங்கை. சித்தப்பா கடலுக்கு அப்பால், யாழ்ப்பாணப் பக்கத்தில், ஒரு இங்கிலிஷ் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தார். வெள்ளிக்கிழமை பின்னேரம் வள்ளத்தில் வந்து திங்கட்கிழமை விடியத் திரும்பிவிடுவார். வரும்போது அவருடைய கோட்டுப் பைக்குள் உடைந்த வெண்கட்டித் துண்டுகள் இருக்கும். அவை எங்களுக்கு. வண்ண வெண்கட்டி கிடைத்த வாரம் எங்களுக்குப் பெருநாள்.

அந்த ஆவணியில் கிரகணம் வரப்போகிறது என்று பஞ்சாங்கமும் சொன்னது, சித்தப்பாவும் சொன்னார். சோளகக் காற்று பனங்காட்டைப் பிடித்து உலுப்பிக்கொண்டிருந்த நாட்கள். முற்றத்தில் எங்களை இருத்தி, குசினியிலிருந்து ஒரு வெள்ளைப் பீங்கானையும் தோசைக்கல்லையும் எடுத்துவந்தார். பீங்கான் சூரியன். தோசைக்கல் சந்திரன். கரி பிடித்த கல்லைப் பீங்கானுக்கு முன்னால் மெல்ல நகர்த்தினார்.

"இதுக்கு இங்கிலிஷிலை ஓவர்லாப் எண்டு சொல்லுவினம். ஒண்டு மற்றதுக்கு மேலை படியிறது. முழுக்க மூட வேணுமெண்டில்லை. கொஞ்சம் மூடினாலும் ஓவர்லாப்தான்."

சின்னம்மா குசினி வாசலில் நின்றபடி கேட்டார்: "கிடுகு வேயேக்கை ஒண்டுக்கு மேலை ஒண்டு மேவிக் கட்டுறம். அதைத்தானே சொல்லுறியள்?"

"ஓம், அதேதான்" என்றவர் கொஞ்சம் யோசித்தார். "ஆனால் முழுக்க அதில்லை. கிடுகு ஒண்டை ஒண்டு தொட்டுக்கொண்டு கிடக்கும். சந்திரன் சூரியனைத் தொடுறேல்லை. ரெண்டுக்கும் நடுவிலை நினைச்சுப் பாக்க ஏலாத தூரம். நாங்கள் நிக்கிற இடத்திலை நிண்டு பாக்கேக்கை ஒண்டு மற்றதை மூடின மாதிரித் தெரியும். வேறை நாட்டிலை நிக்கிறவனுக்கு அதுவும் தெரியாது."

"அப்ப மேவுறது வானத்திலை இல்லை, எங்கட கண்ணிலை."

"நீர் என்ரை வகுப்பிலை இருந்திருக்க வேணும்" என்று சித்தப்பா சிரித்தார். தோசைக்கல் கரி அவருடைய வேட்டியில் அப்பியிருந்தது.

அந்தச் சொல் எங்களைப் பிடித்துக்கொண்டது. தம்பிக்கு முன்பல் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். அவனுக்கு அன்றிலிருந்து ஓவர்லாப் என்றே பெயர். தோசை இரண்டு ஒட்டிக்கொண்டு வந்தால் ஓவர்லாப். அம்மா மீன்காரியோடு விலை பேசிக்கொண்டிருக்கும்போது மாமியும் படலையைத் திறந்து வந்துவிட்டால் அதுவும் ஓவர்லாப். இந்த மாமி சித்தப்பாவின் தமக்கை. ஒழுங்கைக்கு அந்தப் பக்கம் இருந்தார். நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் முதல் ஆளாக வந்து நிற்பார். வந்தால் ஏதாவது ஒன்று சரியில்லை என்று சொல்லாமல் போகமாட்டார்.

கிரகணம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தது. விடிந்ததும் மாமி வந்துவிட்டார். தண்ணீர்ப் பானைகளில் தர்ப்பை போட்டார். யன்னல்களைச் சாக்கால் மூடினார். சின்னம்மா அப்போது ஏழு மாதம். கலியாணமாகி நாலாம் வருடத்தில் தங்கிய பிள்ளை. மாமி உள் அறையைக் கூட்டிப் பாய் போட்டு, "முடியுமட்டும் இதிலை மல்லாந்து படும். ஒண்டையும் வெட்டாதேயும், சொறியாதேயும்" என்றார்.

என் அம்மாவும் அதையேதான் சொன்னார்.

நாங்கள் லாம்புப் புகையில் கறுப்பாக்கிய கண்ணாடித் துண்டுகளோடு முற்றத்தில் நின்றோம். சித்தப்பா உள்ளே எட்டிப் பார்த்து, "நீரும் வாரும். இப்பிடி ஒண்டு இனி எப்ப பாக்கக் கிடைக்குமோ" என்றார். சின்னம்மா மாமியைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், எழுந்து வெளியே வந்தார். யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை. ஆனால் மாமி அறைக்குள் நின்றபடி சாக்கை விலக்கிப் பார்த்துக்கொண்டேயிருந்தார்.

சூரியனில் பாதிக்குமேல் போய்விட்டது. வெயில் இருந்தது, ஆனால் வெயிலின் நிறம் இல்லை. வைரவர் கோயில் மணி அடித்துக்கொண்டேயிருந்தது. கோழிகள் ஒன்றும் விளங்காமல் கூட்டுக்குள் போயின. சின்னம்மா பூவரச மரத்தடியில் நின்றார். அப்போதுதான் அதைக் கண்டோம். இலைகளின் இடைவெளியால் விழும் வெயில் எப்போதும் வட்ட வட்டமாக விழும். அன்று பிறை பிறையாக விழுந்தது. மணல் முழுக்கப் பிறைகள். சின்னம்மாவின் சேலையிலும் தோளிலும் வயிற்றிலும் பிறைகள். காற்றுக்கு அவையெல்லாம் ஓடின. சின்னம்மா முந்தானையை விரித்து அவற்றை ஏந்துவது போல் பிடித்து, எங்களைப் பார்த்துச் சிரித்தார். அவ்வளவு அழகான ஒன்றை நான் பிறகு கண்டதில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பிறகு அதை அசிங்கமாக்கிவிட்டார்கள்.

ஐப்பசி மழைக்குள் பிள்ளை பிறந்தது. நாங்கள் வேலிப் பொட்டடியில் நனைந்துகொண்டு நின்றோம். அழுகுரல் கேட்டது. ஆணா பெண்ணா என்று யாரும் வெளியே வந்து சொல்லவில்லை. மருத்துவிச்சி வந்து ஒரு துணி தாருங்கோ என்று கேட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனார். உள்ளே மாமியின் குரல் மட்டும் கேட்டது:

"அண்டைக்கு வயித்திலை விழுந்த பிறை. நான் என்ரை கண்ணாலை கண்டனான்."

மறுநாள்தான் எனக்குப் பிள்ளையைக் காட்டினார்கள். பெண்பிள்ளை. நிறைய முடி. மேலுதடு இடப்பக்கத்தில் மூக்குவரை பிரிந்திருந்தது. பிரிந்த இடம் சிவப்பாக, ஈரமாக இருந்தது. எனக்குப் பயமாக இருந்தது என்று சொல்வதில் வெட்கமில்லை. பயம் இரண்டு நாள் இருந்தது. பிறகு அது தங்கச்சியின் வாய், அவ்வளவுதான்.

பிள்ளைக்கு முலையைப் பிடிக்க ஏலவில்லை. உறிஞ்சினால் காற்றுத்தான் போகும். சின்னம்மா பாலைப் பீச்சிச் சங்கில் எடுத்து, பிள்ளையை நிமிர்த்திப் பிடித்து, துளி துளியாக விடுவார். தலையைப் பிடிப்பது என் வேலை. ஒரு சங்கு பால் இறங்க வெகுநேரம் பிடிக்கும். முடிவதற்குள் பிள்ளை களைத்து நித்திரையாகிவிடும். அது மெலிந்துகொண்டே வந்தது. ஆட்கள் வந்தால் அம்மா ஓடிப்போய்ப் பிள்ளை கிடக்கும் ஏணைத் தொட்டிலின்மேல் ஒரு துணியைப் போடுவார். அவர்கள் போனபின் எடுப்பார். சின்னம்மா எழுந்து நடக்கத் தொடங்கியதும் ஆட்கள் இருக்கும்போதே அந்தத் துணியை எடுத்து மடித்து வைத்தார்.

"மூச்சு முட்டும், அக்கா" என்று மட்டும் சொன்னார்.

பிள்ளை பிறந்த வாரம் சித்தப்பா வந்தார். பிள்ளையைப் பார்த்தார். விரலால் கன்னத்தைத் தொட்டார், உதட்டுக்குக் கிட்டப் போகவில்லை. பிறகு வெளியே போய்க் கிணற்றுக் கட்டின்மேல் இருந்தார். மழை தூறியது, எழும்பவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை அவர் வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் இல்லை. பரீட்சைத் தாள் திருத்துகிறாராம் என்று சொல்லி அனுப்பினார்.

ஒழுங்கையில் அதே மாதம் இன்னொரு வீட்டிலும் பிள்ளை பிறந்திருந்தது. அந்தத் தாய் கிரகணத்தன்று அறைக்குள் மல்லாந்து கிடந்தவர். அந்தப் பிள்ளைக்கு ஒரு குறையுமில்லை. இனி என்ன சாட்சி வேண்டும் ஊருக்கு? பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்த ஒருத்தி, "உங்கட வீட்டிலை பாம்பு கடிச்ச பிள்ளை இருக்காம்" என்றாள். சூரியனைக் கடித்த பாம்பைச் சொன்னாள். நான் சிலேட்டால் அடித்தேன். சிலேட்டு உடைந்தது. வாத்தியார் மணலில் முழங்காலில் இருத்தி, மன்னிப்புக் கேள் என்றார். பள்ளிக்கூடம் விடுமட்டும் இருந்தேன், கேட்கவில்லை. இன்றும் கேட்கமாட்டேன்.

மார்கழியில் சித்தப்பா வந்தார். அன்று மாமியும் இருந்தார். நான் பிள்ளையை மடியில் வைத்திருந்ததால் யாரும் என்னை எழுந்து போகச் சொல்லவில்லை.

"அக்கரையிலை மிசன் ஆசுப்பத்திரியிலை இதைத் தைக்கினமாம்" என்றார் சின்னம்மா. "கொண்டுபோகப் போறன்."

சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டிருந்தார். "மயக்க மருந்து குடுக்க வேணும். இந்த உடம்பு தாங்குமோ தெரியாது."

"இப்பிடியே விட்டால் தாங்குமோ?"

"தந்ததை ஏற்க வேணும்" என்றார் மாமி. "வெட்டித் தைச்சுப் பிள்ளையைப் பறிகுடுக்கப் போறீரோ? அண்டைக்கும் சொன்னனான். கேட்டனீரோ?"

"அவவைச் சொல்லாதேங்கோ, அக்கா" என்றார் சித்தப்பா. "நான்தான் கூப்பிட்டனான். பேசாமல் படுத்திருந்தவவை நான்தான் வெளியிலை வரச்சொன்னனான்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர் சின்னம்மாவில் கோபமாக இருந்து வராமல் விடவில்லை. அந்தப் பிள்ளையைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்குத் தன் குரல் கேட்டிருக்கிறது. பீங்கானும் தோசைக்கல்லும் கொண்டுவந்து காட்டிய மனிதர் அவர். கடலுக்கு அந்தப் பக்கம் வகுப்பில் அப்போதும் அதையேதான் படிப்பித்துக்கொண்டிருந்திருப்பார்.

சின்னம்மா குரலை உயர்த்தவில்லை. "சந்திரன் சூரியனைத் தொடுறேல்லை எண்டு சொன்னது ஆர்?"

சித்தப்பா என் மடியில் கிடந்த பிள்ளையைப் பார்த்தார்.

"அது சூரியனையே தொடேல்லை. என்ரை பிள்ளையை வந்து தொட்டதோ? நீங்கள் வரச் சொன்னியள், நான் வந்தன், பாத்தன். நல்லாயிருந்தது. இப்பவும் நல்லாயிருந்தது எண்டுதான் சொல்லுவன். உங்கட மனக்குறையைத் தூக்கிப் பிள்ளையின்ரை முகத்திலை வைக்காதேங்கோ. அதுக்கு ஏற்கெனவே இருக்கிறது காணும்."

மாமி எழுந்து போனார். சித்தப்பா அன்றே வள்ளம் ஏறினார். கூட்டிக்கொண்டு போகிறேன் என்று அவர் சொல்வார் என நான் கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லவில்லை.

தை பிறந்து கடல் அடங்கியதும் புறப்பட்டோம். சின்னம்மா, பிள்ளை, தலையைப் பிடிக்க நான். அம்மா கிரகணக் கதையில் மாமியின் பக்கம் நின்றவர். ஆனால் அன்று விடியக் கடகத்தில் பிட்டும் பனங்கட்டியும் மாற்றுத் துணியும் கட்டிவைத்திருந்தார். "நான் ஒண்டும் சொல்லேல்லை. போட்டு வாங்கோ" என்றார். வண்டியில் துறைக்குப் போய், அராலிப் பக்கத்துக்கு வள்ளம் ஏறினோம். வள்ளத்தில் இருந்த ஒரு கிழவர், "வெயில் படுது பிள்ளைக்கு, முகத்தை மூடும்" என்றார். "வெயில் படட்டும் அப்பு" என்றார் சின்னம்மா.

ஆசுப்பத்திரியில் பிள்ளைகளின் வாட்டு நீளமான ஒரு மண்டபம். மருந்து வாசமும் சவர்க்கார வாசமும். எங்களுக்கு முன்பே அங்கே உதடு பிரிந்த பிள்ளைகள் சிலர் இருந்தார்கள். சின்னம்மா அதைக் கண்டு அப்படியே நின்றுவிட்டார். உலகத்தில் தன் பிள்ளை ஒன்றுதான் இப்படி என்று அவரும் நினைத்திருந்தார் போலும்.

அன்று மத்தியானம் ஒவ்வொரு தாயிடமும் போய் இருந்து கேட்டார். "உமக்கு வயித்திலை இருக்கேக்கை கிரகணம் பட்டதோ?"

"கிரகணமோ? இல்லை. நான் பூசணிக்காய் வெட்டினனானாம். மாமியார் சொல்லுறா."

மற்றத் தாய் மாதகல் பக்கம், கடல் தொழில் செய்யும் வீடு. "நான் கிரகணத்தைக் காணேல்லை அக்கா. தூண்டில் முள்ளைத் தாண்டிப் போனனான் எண்டு சொல்லீச்சினம். எங்கட முற்றத்திலை தூண்டிலைத் தாண்டாமல் எப்பிடி நடக்கிறது?"

மூன்றாமவள் மிகவும் சின்னப் பெண். கேட்டதும் அழுதாள். அவள் ஒரு முயலைக் கண்டாளாம், முயலுக்கு மேலுதடு பிளந்திருக்குமாம். கண்டது மட்டும்தான்.

சின்னம்மா திரும்பி வந்து என் பக்கத்தில் இருந்தார். பிறகு, "பாத்தியே பிள்ளை, எல்லாருக்கும் ஒவ்வொண்டு குடுத்து விட்டிருக்கினம்" என்றார். அந்தக் குரலில் இருந்த கோபத்தை நான் முதல் தடவையாக அன்றுதான் கேட்டேன். அந்தக் கோபம் எனக்கும் வந்தது. போகவில்லை.

வெள்ளைக்கார லேடி டொக்டர் பிள்ளையின் வாயைத் திறந்து விரலால் தடவிப் பார்த்தார். அண்ணம் நல்லாயிருக்கிறது, பேச்சு வரும் என்றார். தமிழை ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைப்பது போலப் பேசுவார். சின்னம்மா அவரிடமும் கிரகணத்தைக் கேட்டார். டொக்டர் சிரிக்கவில்லை.

"எந்த மாதம் கிரகணம்?"

"ஏழாம் மாசம்."

"உதடு இரண்டாம் மாதத்தில் சேர்ந்து முடியும். அப்போது சேராதது பிறகு சேராது. ஏழாம் மாதத்தில் இந்தப் பிள்ளைக்கு இந்த உதடுதான்."

அன்று மரத்தடியில் பிறைகள் விழுந்தபோது உள்ளே அது ஏற்கெனவே அப்படித்தான் இருந்தது. சின்னம்மா நிலத்தில் இருந்துவிட்டார். அழுதார் என்றுதான் நினைத்தேன். நிமிர்ந்தபோது முகம் காய்ந்திருந்தது.

என் வயதுக்காரரே, நான் இத்தனை காலம் யோசித்துக் கண்டது இதுதான். ஒரு காலத்துக்குள் இரண்டு காரியம் வந்து ஒன்றன்மேல் ஒன்று கிடந்தால், ஒன்றுதான் மற்றதைப் பெற்றது என்று நாங்கள் முடிவு கட்டிவிடுகிறோம். கிடுகு தொட்டுக் கிடப்பதைப் போல. சந்திரனும் சூரியனும் கிடப்பதைப் போல அது கிடக்கலாம் என்று ஒரு நாளும் யோசிப்பதில்லை. அன்று நடந்ததிலோ கிரகணமும் உதடும் அப்படிக்கூடக் கிடக்கவில்லை. உதடு அமைந்து முடிந்தபின்தான் கிரகணம் வந்தது. நாங்கள் எங்கே நின்று பார்க்கிறோம் என்று எங்களை யாரும் கேட்கவுமில்லை.

தைத்த அன்று காலை பிள்ளையை வாங்கிக்கொண்டு போனார்கள். கதவு மூடியது. சின்னம்மா கதவைப் பார்த்தபடி நின்றார், இருக்கச் சொன்னபோதும் இருக்கவில்லை. மருந்தில் பிள்ளை எழும்பாமல் விட்டால் ஊரில் யார் யார் என்ன சொல்வார்கள் என்று எனக்கு ஒவ்வொரு முகமாக வந்தது. கதவு திறந்து, தையலைப் பிய்க்காதபடி கைகளை மட்டையோடு சேர்த்துக் கட்டிய பிள்ளையைக் கொண்டுவந்தார்கள். உதட்டில் கறுத்த நூல். மூச்சு வந்து போனது. சின்னம்மா அதன் நெஞ்சில் காதை வைத்துக்கொண்டு அப்படியே கிடந்தார்.

சித்தப்பா நூல் வெட்டும் நாளுக்கு முன் வந்தார். கோட்டும் குடையுமாக வாட்டு வாசலில் நின்றார். உள்ளே வரலாமா என்று தெரியாத ஆள் போல. சின்னம்மா பக்கத்துக் கதிரையைக் காட்டினார். டொக்டர் சொன்னதைச் சொன்னார். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். முகம் கொஞ்சம் தெளிந்தது. பிறகு மெல்ல, "ரெண்டாம் மாசம் எண்டால் பங்குனி. பங்குனியிலை நான் உம்மை நயினாதீவுக்குக் கூட்டிக்கொண்டு போனனான். சரியான வெயில்" என்றார்.

சின்னம்மா அவருடைய கையைப் பிடித்தார். நான் பார்க்க அவர் அப்படிப் பிடித்தது அன்று ஒருநாள்தான்.

"தேடாதேங்கோ" என்றார்.

சித்தப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி துடைத்தார். பிறகு சங்கை எடுத்துத் தரச் சொன்னார். சங்கு பிடித்துப் பழக்கமில்லாததால் பால் பாதி தங்கச்சியின் கழுத்தால் ஓடியது.

அந்தத் தங்கச்சி வளர்ந்தாள், படித்தாள், என்னைவிடத் தெளிவாகப் பேசுவாள். கலியாணம் பேசி வந்தவர்களில் ஒரு பகுதியினர் உதட்டைப் பற்றிக் குசுகுசுத்தபோது, "உரத்துக் கேளுங்கோ, நானே சொல்லுறன்" என்று உள்ளேயிருந்து வந்து நின்றவள். அவர்கள் போய்விட்டார்கள். வேறு ஆள் வந்தார். இன்றைக்கு அவளுக்குப் பேரப்பிள்ளைகள்.

நான் நினைவில் வைத்துக்கொள்வது ஊர் திரும்பிய பின்னேரத்தை. சித்தப்பாவும் எங்களோடு வந்தார். வண்டி ஒழுங்கையில் நின்றபோது வேலிகளுக்கு மேலால் தலைகள் தெரிந்தன. மாமி படலையடியில் நின்றார். சின்னம்மா முகம் மூடாத பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். மாமி கிட்ட வந்து குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"தைச்ச இடம் தெரியுது."

"தெரியட்டும்" என்றார் சின்னம்மா. "இந்தாங்கோ மச்சாள், பிடியுங்கோ. நான் கால் கழுவ வேணும்."

மாமி ஒன்றும் சொல்ல முன்னமே பிள்ளை அவர் கைக்குப் போய்விட்டது. சின்னம்மா கிணற்றடிக்கு நடந்தார். வேலிக்கு வேலி ஆட்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தங்கச்சி மாமியின் மூக்குத்தியை எட்டிப் பிடித்துக்கொண்டு, தைத்த உதடு கோணச் சிரித்தாள். மாமி ஒழுங்கைப் பக்கம் திரும்பி, "ஏன் பாத்துக்கொண்டு நிக்கிறியள்? பிள்ளை பால் குடிக்க வேணும், போங்கோ" என்றார்.